மறுநாளைக்கு எடுத்து வைத்த வெயில்

ஒரு நாள் முற்பகலில் எங்கள் தெருவுக்குள் மாட்டு வண்டி ஒன்று திரும்பியது. திரும்பினதுதான் தாமதம், தெருவின் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெளிச்சம் ஓட ஆரம்பித்தது. வண்டி குலுங்கினால் வெளிச்சமும் குலுங்கிற்று. எதிர்வீட்டு மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. காக்கைகளெல்லாம் ஒரே கூச்சலாகக் கோயில் பக்கம் பறந்தன.

வண்டி நிறைய முகம் பார்க்கும் கண்ணாடிகள். வைக்கோல் மெத்தையில் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தன. வண்டிக்குப் பின்னால், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக நடந்து வந்தவர் என் கணவர்.

தெருப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாலைந்து பேர் வண்டிக்குள் குனிந்து பார்த்துக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டார்கள். அடுத்த வீட்டில் அப்பளம் போட்டு விற்கும் செல்லம்மக்கா மட்டும் குனிந்தவள் நிமிரவே இல்லை. "ஏளா, நான் இம்புட்டுக் கறுப்பாவா இருக்கேன்?" என்று என்னைக் கேட்டாள்.

என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அரிசி புடைத்த சுளகோடு வெளியே வந்தார்.

"என்னலே இது?"

"கண்ணாடிம்மா."

"அது தெரியுது. நம்ம வீட்டுல இருக்கது மொத்தமே மூணு மொகம். இம்புட்டுக் கண்ணாடி எதுக்கு?"

"மொகம் பாக்க இல்லம்மா. நெல்லு அவிக்க."

அத்தை சுளகைக் கீழே வைத்துவிட்டார். அது அவர் வழக்கமில்லை. எந்த அதிர்ச்சியிலும் கையில் இருக்கிற வேலையை விடாதவர்.

யார் இவர்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கல்யாணக் கதையைப் படித்த சிலர், "உங்கள் வீட்டுக்காரர் பெயரை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கையாலும் எழுதப்போவதில்லை. பாபநாசத்தில் உலகம்மை சந்நிதியில் அர்ச்சனைக்குக்கூட நட்சத்திரத்தை மட்டும் சொல்லி நிறுத்துவேன். அம்பாளுக்குத் தெரியாத பெயரா?

அவர் விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் கணக்கு எழுதச் சேர்ந்தவர். ஆனால் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல், எந்திரம் ஓடுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வரும்போது இரும்பு வேலை, திருகு வேலை எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருந்தார். கணக்குதான் கடைசிவரை வரவில்லை.

நான் படித்தது பாதிரிமார் பெண்பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும். ஆவி, வெப்பம் என்று நான் எழுதுவதில் தப்பிருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் உலகச் சண்டைக்குச் சற்று முந்தின காலம் அது. எகிப்து தேசத்தில் ஒரு பெரிய ஆற்றங்கரையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரிசையாகக் கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலாலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் வயலுக்கு நீர் இறைக்கிறார் என்று ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. மளிகைக் கடையில் மிளகு மடித்துக் கொடுத்த தாள் அது. என் கணவர் மிளகைக் கொட்டிவிட்டுத் தாளைப் படித்தார். நான் மிளகைப் பொறுக்கினேன்.

"ஏளா, அவுகளுக்கு ஒரு ஆறு இருக்கு, வெயில் இருக்கு. நமக்கும் ஆறு இருக்கு, வெயில் இருக்கு. வேற என்ன வேணும்?" என்றார்.

"கண்ணாடி வேணும்லா," என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அடுத்த மாதமே திருநெல்வேலியில் ஒரு நாடகக் கம்பெனி கலைந்து, வேஷம் கட்டுகிற கொட்டகைக் கண்ணாடிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டது. அவைதான் வண்டியேறி வந்தன. அத்தை எல்லாவற்றுக்கும் மஞ்சள் நீர் தெளித்து, "எத்தனை ராசா வேசம் பாத்த கண்ணாடியோ, இனிமேயாவது நல்ல வேலை பாக்கட்டும்," என்று உள்ளே விட்டார்.

உறங்குகிற சூரியன்

எங்கள் பிழைப்பு நெல் அவிப்பு. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் காயப்போட்டு, குத்திப் புழுங்கல் அரிசியாக விற்பது. அப்போது மலை விறகு கிடைப்பது வரவரக் கஷ்டமாகிவிட்டது. காட்டிலாகாக்காரர்கள் கெடுபிடி. வாங்கின விறகோ பச்சை விறகு. அத்தைக்குப் புகையிலேயே நின்று நின்று கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். வாரத்தில் பாதி நாள் எங்கள் அடுப்பு எரியவில்லை.

அந்தச் சமயத்தில் கொழும்பு மாமா வந்தார். அத்தையின் தம்பி. கொழும்பில் அரிசிக் கடை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கலிட இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வெயிலானாலும் கோட்டுப் போட்டிருப்பார். வாய் ஓயாமல் கிண்டல் பண்ணுவார். ஆனால் அக்காள் கண்ணைப் பார்த்ததும் அவர் கிண்டல் நின்றுவிட்டது.

"அக்கா, இந்தப் பிழைப்பு வேண்டாம். மருமகனை நான் கூட்டிட்டுப் போறேன். கடையிலே ஒரு ஆளு வேணும்."

அத்தை மறுநாள் மகனுடைய பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தார். அப்போது என் வயிற்றில் மூத்தவள் ஐந்து மாதம்.

கொழும்புக்குப் போன ஆண்கள் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை, ஊருக்கு வந்த அப்பாவைப் பார்த்து, "இந்த மாமா எப்பம் போவாக?" என்று கேட்டிருக்கிறான்.

என் கணவர் மாமாவைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கண்ணாடிகளைக் காட்டினார். மாமா ஒவ்வொன்றிலும் மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"நல்லாருக்கு. ஏலே மருமகனே, நெல்லு எப்பம் அவிப்பாங்க?"

"விடியுததுக்கு முந்தி."

"அப்பம் ஒன் சூரியன் எங்கன இருப்பாரு?"

என் கணவர் கிழக்கே பார்த்தார்.

"ஒறங்கிக்கிட்டு இருப்பாருலே! அவரு பைய எந்திரிச்சு, பல்லு வெளக்கி, ஒன் கண்ணாடியிலே மொகம் பாத்து, அடுப்பைப் பத்தவச்சு முடிக்கதுக்குள்ள மத்தியானம் ஆயிராதா? மத்தியானம் அவிச்ச நெல்லை எங்க காயப்போடுவே?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியலில் அவித்தால்தான் அன்றைய வெயில் முழுவதும் களத்தில் கிடைக்கும். மத்தியானம் அவித்த நெல் ஈரத்தோடு கிடந்து புளித்த வாடை அடித்துவிடும். ஒருத்தரும் வாங்க மாட்டார்கள்.

"முந்தின நாள் வெயிலை எடுத்து வச்சுக்கிட்டா?" என்றார் என் கணவர், மெதுவாக.

"எப்பிடி? பழைய சோத்துக்குத் தண்ணி ஊத்தி வைக்க மாதிரியா?"

"அதே மாதிரிதான் மாமா."

மாமா சிரித்த சிரிப்பில் செல்லம்மக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சிரித்து முடித்து, கோட்டுப் பையிலிருந்து துணியெடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"சரிலே. நான் கெளம்புததுக்குள்ள ஒரு பானை நெல்லு. வெறகு ஒரு சிராய் படப்பிடாது. விடியக்காலம் அவிச்சுக் காட்டு. காட்டிட்டேன்னா இங்கனயே கெட. இல்லேன்னா எங்கூடக் கப்பலேறு. சம்மதமா?"

"சம்மதம்," என்றார் என் கணவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மித் துண்டுகள்

பின்கட்டில் மூன்று பக்கமும் மண்சுவர் எழுப்பி, நடுவில் ஒரு பழைய இரும்புத் தொட்டியை உயரத்தில் நிறுத்தினார். திறந்த பக்கத்துக்கு எதிரே மரச்சட்டங்களில் கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடியும் தன் வெயிலைத் தொட்டியின் நெற்றியில் கொண்டுபோய் ஒட்டும். தொட்டிக்கு ஆமணக்கெண்ணெயும் புகைக்கரியும் குழைத்துப் பூசினோம். கறுப்பாக இருந்தால்தான் சூட்டைக் குடிக்குமாம்.

தொட்டிக்குள்ளே கல். பகல் முழுக்க அந்தக் கல் சூடேறும். சாயங்காலம் சுற்றிலும் மூடிவிட்டால் அந்தச் சூடு உள்ளேயே கிடக்கும். விடியலில் தொட்டிக்குள் தண்ணீர் விட்டால் ஆவி எழும். மூடியில் ஒரு துளை. துளைக்கு மேல், அடியில் சல்லடைபோல் ஓட்டை போட்ட பானை. அதில் ஊறின நெல். இவ்வளவுதான் அவருடைய எந்திரம்.

முதலில் ஆற்றிலிருந்து உருண்டைக் கல்லாகக் கொண்டுவந்தார். அத்தை கூடையைக் கிளறி, நல்ல லிங்க வடிவமாக இருந்த ஒன்றை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டார். "பாபநாசநாதரைப் போயி அடுப்புல போடுதியேலே!" மிச்சத்தைச் சூடேற்றினால் படீர் படீரென்று வெடித்தன. ஆற்றுக் கல்லுக்குள் ஈரம் ஒளிந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எடுத்து வைத்த கல்லை அத்தை பூஜையில் வைத்து, "பாத்தியா, அவரு தப்பிச்சுட்டாரு," என்றார்.

பிறகு தெருவெல்லாம் போய் உடைந்த அம்மி, உடைந்த ஆட்டுரல் என்று கேட்டு வாங்கினோம். காய்ந்த கருங்கல். அது வெடிக்கவில்லை. வெயில் ஏறின அம்மித் துண்டிலிருந்து பழைய மஞ்சள், மிளகாய், பூண்டு வாசனையெல்லாம் கிளம்பி வரும். பின்கட்டில் யாரோ விருந்துக்கு அரைக்கிற மாதிரி இருக்கும்.

நாற்பது சூரியன்

கொஞ்சம் விலகிப் போகிறேன்.

அத்தை காலையில் குளித்துவிட்டு வந்து சூரியனைக் கும்பிடுவார். கண்ணாடி வைத்த மறுநாள் கும்பிடக் கையெடுத்தால், கிழக்கே ஒரு சூரியன், பின்கட்டு நிறையச் சூரியன்கள்.

"ஏலே, முப்பது நாப்பது பேரு நிக்காகளே. யாருக்குலே கும்பிடு போட?"

"ஒருத்தருக்குப் போட்டாப் போதும்மா. மத்தவுகளுக்கு அவரே பிரிச்சுக் குடுத்திருவாரு."

அத்தைக்குத் திருப்தியில்லை. ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் போய் நின்று கும்பிட்டார். அதோடு விடவில்லை. நல்ல காரியம் தொடங்குகிறோம் என்று எல்லாக் கண்ணாடிக்கும் பட்டையாக மூன்று கோடு திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கண்ணாடியில் பாதி மறைந்துபோயிற்று. தொட்டி சூடேறாமல் என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அம்மா போட்ட திருநீற்றை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் நான்தான் அத்தையிடம் போய், "சந்தனம் காஞ்சு உதிருது அத்தை, கால்ல மிதிபடுது," என்றேன். அவரே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். மூலையில் ஒரு பொட்டு மட்டும் மிஞ்சிற்று.

செல்லம்மக்கா வழக்கு வேறு. சூரியன் நகர நகரக் கண்ணாடிகளைத் திருப்ப வேண்டும். திருப்புகிற அவசரத்தில் ஒரு கண்ணாடி அவள் முற்றத்துக்கு வெயிலை அனுப்பிவிட்டது. நிழலில் பைய உலர வேண்டிய அப்பளம் முறுகி, சுருண்டு, விரிசல் விட்டுப் போயிற்று. "ஒங்க வீட்டுச் சூரியனை ஒங்க வீட்டோட வச்சுக்கிடுங்க!" என்று சுவருக்கு மேலாகக் கத்தினாள். அப்புறம் அவளே வந்து கண்ணாடி திருப்பப் பழகிக்கொண்டாள். முகம் பார்க்கிற சாக்கில்.

இப்போது தூரதேசங்களில் படித்தவர்கள் வெயிலின் சூட்டை உப்பில் சேர்த்து வைக்கிறார்களாம், ராத்திரி வீட்டுக்குள் குளிர் தெரியாமல் இருக்கிறதாம். சமீபத்தில் யாரோ படித்துச் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது. அவர்கள் வீட்டில் அம்மி கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கங்கு

கல் சரியாயிற்று. சூட்டை எதால் மூடுவது? எங்கள் வீட்டில் உமிக்கா பஞ்சம்? நெல் குத்துகிற வீடு. எதை நிரப்ப வேண்டுமென்றாலும் எங்கள் கை முதலில் உமிக்குத்தான் போகும். தொட்டிக்கும் மண்சுவருக்கும் நடுவே உமியை நிரப்பினோம். சாயங்காலம் கண்ணாடிப் பக்கத்தையும் பாயால் மறைத்து உமியைக் கொட்டி மூடினோம்.

உத்திரம் கழிந்த மறுநாள் சோதனை. விடியலில் எல்லோரும் பின்கட்டில் கூடினோம். நெல் அவிக்க எங்களோடு எப்போதும் இருக்கும் மாடத்தி பானையில் நெல்லைக் கொட்டினாள். என் கணவர் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டார்.

உள்ளே "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். பிறகு மூடி நடுங்கிற்று. பானைக்குள்ளிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்தது. அவிகிற நெல்லின் வாசனை! எரியாத அடுப்பிலிருந்து அந்த வாசனை வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "உலகம்மா, தாயே," என்று கைகூப்பினேன்.

மாடத்தி ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தாள். "ஆச்சி, அவிஞ்சிருக்கு! வாய் பொளந்திருக்கு பாருங்க!"

அத்தை மகனைக் கட்டிக்கொண்டார். செல்லம்மக்கா சுவருக்கு மேலிருந்து குலவையிட்டாள்.

மாமா மட்டும் மூக்கைச் சுருக்கினார். தொட்டியைச் சுற்றி வந்தார். குடைக் காம்பால் முன்பக்கத்து உமியைக் குத்திக் கிளறினார்.

உள்ளே சிவப்பாக ஒரு கண் திறந்தது.

உமி உள்ளுக்குள் கனிந்துகொண்டிருந்தது. கொதிக்கிற இரும்பில் பட்ட உமி ராத்திரி முழுக்கப் புகையாமல் கங்காகிக் கிடந்திருக்கிறது.

"வெயிலுக்கு ஏதுலே கங்கு?" என்றார் மாமா.

 குலவை பாதியில் நின்றது.

"தம்பி, வெறகு படப்பிடாதுன்னுதானே சொன்னே? இது உமில்லா?" என்று அத்தை வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தார்.

"அக்கா, உமி எரிஞ்சா உமி அடுப்பு. ஊரு பூரா இருக்கு. அதுக்கு எதுக்கு நாடகக்காரன் கண்ணாடி? ஏலே, நீ சொல்லு. நெல்லை அவிச்சது வெயிலா, உமியா?"

என் கணவரைப் பார்த்தேன். வெயில் என்று சொல்லியிருக்கலாம். கல் சூடேறினது எங்களுக்குத் தெரியும். கங்கு எவ்வளவு, கல் எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? ஒரு வார்த்தை போதும், அவர் என்னோடு இருப்பார்.

"தெரியலை மாமா," என்றார். "நீங்க சொல்லுததுதான் நியாயம்."

உள்ளே வந்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"தெரியலைன்னு ஏன் சொன்னிய? ஒங்களுக்குக் கப்பலேற ஆசையா?"

"ஏளா, விடியுத நேரம். சூரியன் எதுக்க வந்துக்கிட்டிருக்காரு. அவரு செஞ்ச வேலையா இல்லையான்னு எனக்குத் தெரியாம, அவரு பேரைச் சொல்லச் சொல்லுதியா?"

நான் போய் அடுப்பை மூட்டினேன். புகை வந்தது நல்லதாகப் போயிற்று, கண்ணைத் துடைக்க ஒரு சாக்கு.

மாமா சொன்ன வழி

மாமா மறுநாள் காலை ரயிலில் கிளம்புவதாக இருந்தார். அன்று காலை சாப்பிட உட்கார்ந்தவர், மருமகன் வாடின முகத்தைப் பார்த்தும் கிண்டலை விட முடியாமல் சொன்னார்:

"கவலைப்படாதேலே. உமியெல்லாம் எரிஞ்சு அங்கன சாம்பலாக் கெடக்கு. அதை நெத்தியிலே பூசிக்கிட்டு நாளைக்குக் கெளம்பு. சாம்பல்ல இனிமே நெருப்புப் பிடிக்காது, ஒனக்கும் இனிமே பித்துப் பிடிக்காது!"

என் கணவர் சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தார். "மாமா, இன்னொரு வாட்டிச் சொல்லுங்க."

"எதை? நெத்தியிலே பூசுததையா?"

"சாம்பல்ல நெருப்புப் பிடிக்காது."

இலையை மூடாமலே எழுந்து ஓடினார். மாமா என்னைப் பார்த்தார். "ஏளா, நான் என்னத்தைச் சொல்லிட்டேன்?"

எரிந்து முடிந்ததற்கு மறுபடி எரிய ஒன்றுமில்லை. நாங்கள் தினமும் நெற்றியில் இட்டுக்கொள்கிற திருநீற்றின் பொருளே அதுதான் என்று ஓதுவார் சொல்லக் கேட்டிருக்கிறேன். உமிச் சாம்பலோ பஞ்சு மாதிரி லேசு. அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைத்தால் மறுநாள் வரை அணையாது, அந்தச் சாம்பலின் மேலே கை வைத்தால் சுடாது. இதை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தினம் செய்கிறாள். நானும் செய்துகொண்டிருந்தேன். செய்துகொண்டே உமியை அள்ளிக் கொட்டியிருக்கிறேன்!

அப்போதே மாடத்தியும் செல்லம்மக்காவும் நானும் கூடைகளோடு தெருவில் இறங்கினோம். "சாம்பல் இருக்கா, சாம்பல்?" உமி அடுப்பு வைத்திருந்த ஒரு வீட்டையும் விடவில்லை. பல்விளக்க வைத்திருந்ததைக்கூட ஒரு கிழவர் கொடுத்தார். என் கணவர் பழைய உமியை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கூட்டியெடுத்தார். தொட்டியைச் சுற்றிச் சாம்பலை நிரப்பினோம். கண்ணாடிகளைத் திருப்பும்போது சூரியன் கோயில் கோபுரத்துக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. பாதிக் காலை போய்விட்டது.

போதாக்குறைக்கு மத்தியானத்தில் பொதிகை மலைப் பக்கமிருந்து ஒரு மேகம். பங்குனியில் அப்படி வரும். ஊருக்கு மேலே வந்து பெரிய எருமை மாதிரி நின்றுகொண்டது. கண்ணாடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் குருடாயின.

அத்தை அந்தச் சட்டங்களின் நடுவே போய் நின்று, முந்தானையை ஏந்தி, "அப்பா, சூரிய நாராயணா, எம்பிள்ளை பொய் சொல்லலியே. ஒன் பேரைக் கெடுக்கலியே. கொஞ்சம் மொகத்தைக் காட்டு," என்றார். பெட்டியை வெயிலில் காயவைத்த அதே அத்தை. எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவருக்கும் பிள்ளையை அனுப்ப மனமில்லை என்று.

மேகம் நகர்ந்தது. வேண்டுதலால் நகர்ந்ததா, காற்றால் நகர்ந்ததா என்று கேட்கக்கூடாது. நான் வேண்டுதல் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். சாயங்கால வெயிலைச் சொட்டு விடாமல் பிடித்தோம். ஆளுக்கு ஒரு வரிசை. மாமா கோட்டைக் கழற்றிவிட்டு, "சும்மா நிக்கதுக்கு இதைத் திருப்புதேன். ஒனக்கு ஒத்தாசைன்னு நினைச்சிராதே," என்று ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

இருட்டு விழுமுன் முன்பக்கமும் சாம்பலால் அடைத்தாயிற்று. யாரும் உள்ளே கங்கு போட்டுவிடாமல் காவல் காக்கிறேன் என்று மாமா கட்டிலை அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

மேல் பிடி

விடிவெள்ளி தெரிகிற நேரம் நாங்கள் போனோம். மாமா முன்னாலேயே விழித்து உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் சாம்பல்.

மாடத்தி நெல்லைக் கொட்டினாள். தண்ணீர் விட்டதும் சத்தம் வந்தது. நேற்றுப் போலப் பெரிதாக இல்லை. ஆவி வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எல்லோரும் பானை வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஆவி மெலிந்து ஓய்ந்துவிட்டது.

மாடத்தி அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கடித்தாள். நடுவிலிருந்து ஒரு பிடி. பிறகு மேலே. மேலேயிருந்து எடுத்ததை மென்றவள் தயங்கினாள்.

"சொல்லுளா," என்றார் அத்தை.

"அடியும் நடுவும் நல்லா அவிஞ்சிருக்கு ஆச்சி. மேல ஒரு பிடி..." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மேல ஒரு பிடி அவியலை. உள்ள வெள்ளையாத்தான் இருக்கு."

என் கணவர் தலையை ஆட்டினார். "ஆமா. பாதிக் காலை வெயிலு போச்சு, மத்தியானம் மேகம். கல்லும் இன்னும் சேக்கணும்." சொல்லிவிட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கிளம்புகிறவர் போடுகிற மாதிரி.

மாமா எழுந்தார். முன்பக்கத்துச் சாம்பலை வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தார். மேல் சாம்பல் குளிர்ந்திருந்தது. அள்ளி அள்ளி வெளியே போட்டார். ஒரு கங்கு இல்லை. ஒரு பொறி இல்லை. முழங்கை வரை விட்டுத் துழாவினார்.

"எங்கலே இருக்கு சூடு? எல்லாம் பச்சைத் தண்ணியால்லா இருக்கு..."

அந்தக் கை போய் இரும்பில் பட்டது.

"ஐயோ! அம்மா!"

மாமா துள்ளின துள்ளலில் கட்டில் கவிழ்ந்தது. கையை உதறிக்கொண்டு முற்றம் முழுக்கச் சுற்றினார். செல்லம்மக்கா சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை ஓடிப்போய் விளக்கெண்ணெய் கொண்டுவந்து தம்பி உள்ளங்கையில் தடவினார். தடவும்போதே அவருக்கும் சிரிப்பு. மாமா கொப்புளத்தை ஊதிக்கொண்டே தொட்டியைப் பார்த்தார். கிழக்கே இன்னும் வெளுக்கக்கூட இல்லை. தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை.

"ஏலே, நேத்து வெயிலா இது?" என்றார். மருமகனிடம் கிண்டல் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

"நேத்து வெயில்தான் மாமா."

மாமா பானைக்குள் நல்ல கையை விட்டு மேலிருந்து ஒரு நெல்லை எடுத்தார். உமியை உரித்து, வேகாத அரிசியை முன்பல்லில் வைத்துக் கடித்து, நெடுநேரம் மென்றார். என்ன சொல்வாரோ என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் வாசலில் வில்வண்டி வந்து நின்றது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அத்தை துடைத்து வைத்திருந்த பெட்டியும் மாமாவின் பெட்டியும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வண்டிக்காரர் இரண்டுக்கும் நடுவே நின்று குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, பெட்டி ரெண்டையும் ஏத்திறவா? ரெண்டு பேருன்னுல்லா சொன்னிய?"

மாமா கோட்டை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். வெந்த கையில் துணி சுற்றியிருந்தது. எங்களில் யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறி, காலை மடக்கி, நடுவில் அகலமாக உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார இடமே இல்லாதபடி.

"ஒரு பெட்டியை ஏத்தும் வே," என்றார். "அவனுக்கு இங்கன இன்னும் ஒரு பிடி நெல்லு அவிய வேண்டியது பாக்கியிருக்கு."